‘ஒருவருக்கொருவர்’ என்ற சொல்லை விட்டுவிட்ட போதனை

கேரளம் என்றதும் மனத்தில் எழும் பசுமைக் காட்சிக்குள் கொழிஞ்சாம்பாறை அடங்குவதில்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் வறண்ட நிலப்பகுதி அது. மாநிலத்தின் ஏனைய பகுதிகளை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை இங்கு மெலிந்துவிடுகிறது. சித்தூர்ப் பகுதியின் உழவு ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வரும் நீரை எதிர்பார்த்திருப்பது. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும். அது தட்டுப்படும் கோடையில் வாய்க்கால் கரைகளில் இரண்டு வகைப் பேச்சுகள் எழும். பக்கத்து வயல்காரர்தான் இரவில் மடையைத் திறந்து நீரைத் திருடுகிறார் என்பது ஒன்று. கடைமடைக்கு உரிய முறை ஏன் இன்னும் வரவில்லை என்பது மற்றொன்று. முன்னது அண்டை அயலாரின் உறவைக் கெடுக்கும். பின்னது நீர்ப் பங்கீட்டைத் திருத்தும். இரண்டையும் ‘குறை சொல்லுதல்’ என்று ஒரே பெயரால் அழைத்து இரண்டையும் கைவிடச் சொன்னால், கடைமடை காய்ந்துபோகும்.

கிறித்தவத் திருச்சபைகளில் நெருக்கடிக் காலங்களில் நேர்வது பெரும்பாலும் இதுதான். வறட்சி, கொள்ளைநோய், வேலையிழப்பு, வெளியிலிருந்து வரும் அச்சுறுத்தல் என எந்தத் துன்பம் வந்தாலும், “உடன் கிறித்தவர்மேல் குறை சொல்லாதீர்கள்” என்ற அறிவுரை மறையுரைகளில் ஒலிக்கத் தொடங்குகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். அந்த அறிவுரையில் உண்மை உண்டு. ஆனால் அது பயன்படுத்தப்படும் விதம் மூல வசனத்தின் இலக்கணத்துக்கே முரணானது.

வசனத்தின் சூழலை முதலில் காண வேண்டும். அதே அதிகாரம் செல்வர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. வயலை அறுவடை செய்தவர்களின் கூலியை நிலவுடைமையாளர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது. அறுத்தவர்களின் கூக்குரல் படைகளின் ஆண்டவருடைய செவிகளை எட்டிவிட்டது என்கிறது நான்காம் வசனம். ஏழாம் வசனம் ‘ஆகவே’ எனப் பொருள்படும் இணைப்புச் சொல்லோடு பொறுமையைப் பற்றிப் பேசுகிறது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவரை உவமை காட்டுகிறது. அதன் பிறகே ஒன்பதாம் வசனத்தின் தடை வருகிறது. யாக்கோபு பேசும் ‘கடினமான காலம்’ எங்கிருந்தோ வந்த விதி அன்று. அதற்குக் காரணமானவர்களை அவர் சற்று முன்பே சுட்டிவிட்டார். கூலி மறுக்கப்பட்டவர்களின் கூக்குரலை அவர் எங்கும் கண்டிக்கவில்லை. இறைவனே கேட்ட குரலாக அதை மதிக்கிறார். நான்காம் வசனத்தில் மதிக்கப்பட்ட குரலை ஒன்பதாம் வசனத்தைக் கொண்டு அடக்குவது, ஓர் அதிகாரத்தை அதற்கு எதிராகவே திருப்புவதாகும்.

இனி வசனத்தின் சொற்கள். கிரேக்க மூலத்தில் உள்ள வினைக்குப் ‘பெருமூச்சு விடுதல்’, ‘உள்ளுக்குள் ஏங்கிப் புலம்புதல்’ என்பதே அடிப்படைப் பொருள். அந்தப் பெருமூச்சு தன்னளவில் குற்றமன்று. காது கேளாதவரைக் குணமாக்கும்போது இயேசு விண்ணை நோக்கிப் பெருமூச்சு விட்டதாக மாற்கு எழுதும்போது இதே வினையைத்தான் ஆள்கிறார். படைப்பின் ஏக்கத்தையும் தூய ஆவியின் சொல்லொணாப் பெருமூச்சையும் பற்றிப் பவுல் உரோமையருக்கு எழுதும்போதும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களின் ஏக்கத்தைக் கடவுள் கேட்டார் என்று விடுதலைப் பயண நூலின் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பு கூறுமிடத்திலும் அதுவே உள்ளது.

தமிழில் இந்த வினை ‘முறையிடுதல்’ ஆயிற்று. இதே தமிழ்ச் சொல் பழைய மொழிபெயர்ப்பின் யாத்திராகமத்திலும் வருகிறது. அங்கே இசுரயேல் மக்கள் அடிமைத்தனத்தால் முறையிட்டார்கள். அந்த முறையிடும் சத்தம் கடவுளின் சன்னிதியை எட்டியது. ஓரிடத்தில் கடவுள் செவிசாய்த்த முறையீடு மற்றோரிடத்தில் தடை செய்யப்படுவதாகத் தமிழ் வாசகருக்குத் தோன்றும். மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இடமில்லை. மூலமொழிகளிலும் ஒரே வேர்ச்சொல் இரு திசைகளிலும் இயங்குகிறது. ஆகவே விடை வினையில் இல்லை. வினையோடு சேர்ந்து வரும் சொல்லில் இருக்கிறது. ‘ஒருவருக்கொருவர் விரோதமாய்’ என்பதே அது.

‘ஒருவருக்கொருவர்’ என்பதை மொழியியலார் பரிமாற்றுப் பெயர் என்ற வகையில் வைப்பர். இத்தகைய சொல் வரும் தொடரில் இருதரப்பும் செயல் செய்பவராகவும் செயலுக்கு உள்ளாகுபவராகவும் இருக்க வேண்டும். ‘இருவரும் ஒருவரையொருவர் அடித்தனர்’ என்றால் அடி இரு பக்கமும் விழுந்திருக்க வேண்டும். முதலாளி பணியாளரை அடித்ததை ‘ஒருவரையொருவர் அடித்தனர்’ என்று எழுதினால் அது இலக்கணப் பிழை மட்டுமன்று, பொய்யும் ஆகும். கிரேக்கத்தின் பரிமாற்றுப் பெயருக்கும் இயல்பு இதுவே. யாக்கோபு தடுப்பது சம நிலையில் உள்ளவர்கள், ஒரே துன்பத்தில் அகப்பட்டவர்கள், தங்கள் ஏக்கத்தை ஒருவர்மேல் ஒருவர் திருப்பிக்கொள்வதை. கூலி கேட்கும் தொழிலாளர் முதலாளிக்கு எதிராக எழுப்பும் குரல் அந்தத் தொடருக்குள் வராது. நடைமுறைப் போதனையில் வினை நினைவில் நிற்கிறது, ‘ஒருவருக்கொருவர்’ உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ‘முறையிடாதிருங்கள்’ என்ற ஒற்றை ஏவல்.

தமிழில் இந்த இழப்பின் விளைவு கடுமையானது. ‘முறை’ என்ற சொல் ஒழுங்கு, உறவு, நீதி, ஒருவருக்கு உரிய வேளை எனப் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. திருக்குறள் அரசநீதியை அச்சொல்லால் குறிக்கிறது. உறவுமுறையும் முறைமாமனும் அதில் அடங்குவர். வாய்க்கால் நீரைப் பங்கிடுவது முறைப்பாசனம். முறையிடுதல் என்பது நீதியின் முன் ஒன்றை வைத்தல், தனக்குரிய வேளையைக் கேட்டல். தமிழ்நாட்டில் ‘புகார்’ என்றும், கேரளத்து அலுவலகங்களில் ‘பராதி’ என்றும் வழங்குவதை இலங்கைத் தமிழர் இன்றும் ‘முறைப்பாடு’ என்றே சொல்கின்றனர். காவல் நிலையத்தில் பதிவாவதும் முறைப்பாடுதான். இத்தகைய சொல்லைத் தடைச்சொல்லாக மட்டும் கேட்டு வளரும் சமூகம், நீதி கேட்பதையே பாவமாக எண்ணத் தொடங்கும்.

முணுமுணுப்பு வேறு. ‘முணுமுணு’, ‘முறுமுறு’ என்பன ஒலிக்குறிப்பால் அமைந்த இரட்டைக்கிளவிகள். பேசப்படும் பொருளைக் குறிக்காமல், காதில் விழும் ஓசையை மட்டும் அவை குறிக்கின்றன. முறையீட்டுக்கு ஒரு கேட்பவர் உண்டு, ஒரு குறை உண்டு, வேண்டப்படும் ஒரு தீர்வும் உண்டு. முணுமுணுப்புக்கு இவை மூன்றும் இல்லை. ஆயினும் ஒரு குரல் எந்த வகையில் சேர்க்கப்படும் என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பவர் பேசுபவர் அல்லர், கேட்பவரே. அதிகாரத்தில் இருப்பவரின் அதிருப்தி ‘கருத்து’ எனப் பதிவாகும். கடைசி வரிசையில் நிற்பவரின் அதிருப்தி, அது எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தாலும், முணுமுணுப்பு எனத் தள்ளப்படும்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் இங்கு முதன்மை பெறுகிறது. எருசலேமின் தொடக்கத் திருச்சபையில் கிரேக்க மொழி பேசுவோர், தங்கள் கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் புறக்கணிக்கப்படுவதாக எபிரேய மொழி பேசுவோருக்கு எதிராக முணுமுணுத்தனர். உடன் கிறித்தவர்மேல் எழுந்த, மொழிச் சிறுபான்மையினரின் குறை அது. லூக்கா இங்கு ஆளும் கிரேக்கச் சொல்லும் ஓசையைப் பின்பற்றிப் பிறந்தது. பாலைவனத்தில் மோசேக்கு எதிராக மக்கள் முறுமுறுத்ததைக் குறிக்கும் அதே சொல். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது விலக்கச் சொல்வதும் அதுவே. திருத்தூதர்கள் விரும்பியிருந்தால் மோசே காலத்து நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி அவர்களை வாயடைத்திருக்கலாம். வெளியே துன்புறுத்தல் தொடங்கிவிட்டது, உள்ளே பிளவு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் அவர்கள் சாட்டையடி பட்டிருந்தார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சபையைக் கூட்டினார்கள், பகிர்வுப் பணியை மாற்றியமைத்தார்கள், எழுவரைத் தேர்ந்தெடுக்கும்படி சபையிடமே சொன்னார்கள். தேர்வு பெற்ற எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அக்காலப் பாலஸ்தீன யூதர்களிடையிலும் கிரேக்கப் பெயர்கள் வழங்கின என்பதால் பெயரை மட்டும் கொண்டு தாய்மொழியை உறுதிசெய்ய இயலாது. எனினும் ஏழும் அவ்வாறே அமைந்திருப்பது, குறை கூறிய தரப்பிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்ற வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. திருச்சபையில் கடின காலத்தில் எழுந்த முதல் உட்பூசல் இவ்வாறு தீர்ந்தது.

எல்லா முறையீடும் நீதியானது என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. தமிழ்க் கிறித்தவ வரலாற்றிலேயே அதற்கு எதிர்ச்சான்று உண்டு. 1820களின் இறுதியில் தஞ்சாவூர்ச் சபையில் புதிதாக வந்த மறைப்பணியாளர்களுக்கும் பழைய வெள்ளாளக் கிறித்தவர்களுக்கும் மோதல் முற்றியது. வெள்ளாளர் தரப்பின் குரலாக நின்றவர் சுவார்ட்சின் மாணவரும் பெரும் கவிஞருமான வேதநாயகம் சாஸ்திரியார். அவர் அடுக்கிய குறைகளுள், பழகிய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியதும், வழிபாட்டில் தமிழ் இசையைத் தடுத்ததும், விழாக்களில் பூக்களை விலக்கியதும் இருந்தன. அவை ஒரு பண்பாட்டின் நியாயமான வேண்டுகோள்கள். அதே பட்டியலில், ஒடுக்கப்பட்ட சாதியினரோடு வேறுபாடின்றிக் கலக்கச் சொல்வதும் கொடுமை எனச் சேர்க்கப்பட்டிருந்தது. அது தன் மேன்மையைக் காத்துக்கொள்ள எழுப்பப்பட்ட குரல். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட ஆணையிட்டபோது பலர் சபையை விட்டே விலகினர்.

ஒரே பட்டியலில் நீதியும் அநீதியும் அருகருகே இருந்தன என்பதே இந்நிகழ்வின் பாடம். முழுவதையும் ‘கலகம்’ எனத் தள்ளியவர்கள் தமிழ் இசையையும் சேர்த்துத் தள்ளினார்கள். முழுவதையும் ‘பண்பாட்டு உரிமை’ என ஏற்பவர்கள் சாதியையும் சேர்த்து ஏற்றுக்கொள்வார்கள். முறையீட்டை ஒவ்வொரு குறையாகப் பிரித்துக் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பேச அனுமதித்திருக்க வேண்டும். பேச்சையே தடுத்துவிட்டால் நீதியான குறையையும் அநீதியான குறையையும் பிரித்தறியும் வாய்ப்பு எவருக்கும் இல்லை.

பேசப்படாத குறை மறைந்துவிடுவதும் இல்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் எனக் கேட்டனர். ஒரே ஆலயத்துக்குள் சமமாக நடத்தப்படாத நிலை அக்கோரிக்கையின் பின்னணி. 2008 மார்ச்சு 9 அன்று அது கிறித்தவர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையிலான வன்முறையாக வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ‘ஒருவருக்கொருவர் விரோதமாய்’ என யாக்கோபு எச்சரித்த நிலை அங்கே அதன் முழு உருவத்தில் வந்தது. அதற்கு வழி செய்தது முறையீடா, முறையீட்டுக்குக் கிடைக்காத செவியா என்பதைத் திருச்சபை எண்ணிப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் உள்ளன என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் தானாக வந்ததன்று. பல ஆண்டுகளாக அமைதியாக இருக்கச் சொல்லப்பட்டும் அமைதியாக இருக்க மறுத்தவர்களின் உழைப்பால் வந்தது.

குறை கேட்பதைத் திருச்சபையின் சட்டமும் மரபும் தடுக்கவில்லை என்பது பங்கு மக்களில் பலருக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 212ஆம் விதி, நம்பிக்கையாளர் தம் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களிடம் தெரிவிக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. கருத்துத் தெரிவிப்பது சில வேளைகளில் கடமையும் ஆகும் என்கிறது. 221ஆம் விதி, தம் உரிமைகளைத் திருச்சபையின் நீதிமன்றத்தில் நிலைநாட்டும் உரிமையைத் தருகிறது. 2019இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட ஆணை, பாலியல் கொடுமை குறித்து அறியவரும் அருள்பணியாளரும் துறவியரும் அதைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. ‘உள்ளுக்குள் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பழக்கம் எத்தனை குழந்தைகளின் வாழ்வைக் குலைத்தது என்பதை உலகத் திருச்சபை பெருவிலை கொடுத்துக் கற்றதன் விளைவு அது. ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்டு முணுமுணுப்பைக் கடுமையாக வெறுத்தவர். அவரே துறவற இல்லத் தலைவருக்கு, சகோதரர்கள் நியாயமான முணுமுணுப்புக்குக் காரணம் இல்லாதபடி எல்லாவற்றையும் அமைக்க வேண்டும் என்றும் எழுதினார். முணுமுணுப்பும் நியாயமானதாக இருக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதைத் தவிர்க்கும் பொறுப்பைத் தலைவர்மேலும் வைத்தார்.

கொழிஞ்சாம்பாறையை உள்ளடக்கிய கிழக்குப் பாலக்காட்டுக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. முன்பு கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் இருந்த பங்குகளையும் கோழிக்கோடு மறைமாவட்டத்தின் பகுதியையும் சேர்த்து 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் நிறுவப்பட்டது. மாநில எல்லையும் மறைமாவட்ட எல்லையும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் மாநிலத்தில் மொழிச் சிறுபான்மையினர். நாட்டில் சமயச் சிறுபான்மையினர். அவர்களுள் தலித்துகள் மூன்றாவது சுமையையும் சுமப்பவர்கள். இந்திய அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கும் விண்ணப்பத்தை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதிகளில் தம் மொழியிலேயே அரசுடன் எழுத்துத் தொடர்பு கொள்ள வழி செய்கிறது. அரசு அலுவலகத்தில் தமிழில் குறை சொல்ல உரிமை பெற்ற ஒருவர், தம் ஆலய வளாகத்தில் வாய் திறந்தால் ஒற்றுமையைக் குலைப்பவராகக் கருதப்படுவார் எனில், அது எருசலேம் காட்டிய வழிக்கு நேர்மாறானது.

இவ்வளவுக்குப் பின்னும் யாக்கோபின் தடை தன் வலிமையை இழப்பதில்லை. நெருக்கடிக் காலத்தில் மனிதர் பழி சுமத்துவது பெரும்பாலும் எட்டும் தொலைவில் இருப்பவர்மேல்தான். மணக்கடவில் நீர் குறைந்ததற்குப் பக்கத்து வயல்காரர் பொறுப்பல்லர். ஆனால் அவரே கண்ணில் படுகிறார். பெருந்தொற்றுக் காலத்தில் நோய் பரப்பியவர் யார் என்று அன்பியக் குடும்பங்களுக்குள்ளேயே விரல் நீட்டுவதும், உதவிப் பொருளை யார் கூடுதலாக வாங்கினார் என்று ஏழைகள் ஏழைகளைக் கணக்கெடுப்பதும், ஒரு மொழியினரின் நிறைவேறாத தேவைக்கு மற்ற மொழியினரின் இருப்பையே காரணமாக்குவதும் இந்த வகை. இவற்றில் கேட்பவர் இல்லை, தீர்வு இல்லை. துன்பத்துக்கு உண்மையில் காரணமானவர் பெயரும் இல்லை. துன்புறுவோர் தங்களுக்குள் பிளவுபடும்போது மகிழ்பவர் கூலியைப் பிடித்துவைத்திருப்பவரே. யாக்கோபு அந்தப் பிளவைத்தான் தடுக்கிறார்.

அதே பகுதியில் யாக்கோபு பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது யோபுவை. விவிலியத்தில் யோபுவைக் காட்டிலும் மிகுதியாக முறையிட்டவர் அரிது. தம் நண்பர்களோடு வாதாடினார். கடவுளையே வழக்குக்கு அழைத்தார். அவருடைய பாடுகளை நியாயப்படுத்தி, அடங்கியிருக்கச் சொன்னவர்கள் அந்த நண்பர்கள். நூலின் முடிவில் கடவுள் சினம் கொண்டது யோபுவின்மேல் அன்று, அந்த நண்பர்கள்மேல். யாக்கோபு இந்தக் கதையை அறிந்தே அவரைப் பொறுமையின் மாதிரி என்றார். அவர் கருதிய பொறுமை, வாய் மூடியிருத்தல் அன்று. நீதி கிடைக்கும் வரை இடத்தை விட்டு அகலாமல் நிற்றல்.

விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோரும், இறையியல் கல்லூரிகளில் மறையுரை கற்பிப்போரும் இந்த வசனத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது. யாக்கோபு 5:9இல் ‘முறையிடாதீர்கள்’ என்பதற்கு மாற்றாக ‘ஒருவர்மேல் ஒருவர் புலம்பாதீர்கள்’ என்ற பொருள்பட மொழிபெயர்த்தால் மூலத்துக்கும் நெருக்கமாகும். தமிழில் நீதியைக் குறிக்கும் சொல்லும் பழியிலிருந்து விடுபடும். அதுவரை மறையுரையாற்றுவோர் செய்யக்கூடியது எளியது. வசனத்தை முழுமையாக வாசிக்கலாம். நான்காம் வசனத்திலிருந்து தொடங்கலாம். ‘ஒருவருக்கொருவர்’ என்ற சொல்லை விழுங்கிவிடாமல் உரக்கச் சொல்லலாம். பங்குப் பேரவையில் ஒரு கைம்பெண் தமிழில் எழுந்து நின்று தன் முறை எப்போது என்று கேட்கும் நாளில், அவர் ஒற்றுமையைக் குலைக்கிறாரா என்ற கேள்விக்கு முன்னால், பகிர்வில் அவர் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பதிவேட்டைத் திறந்து பார்ப்பது திருத்தூதர்களின் வழி.